உறுமலுக்கு ஒரு பின்பாட்டு

முதலில் ஒரு பியானோ. இருட்டில் படியிறங்குகிறவன் ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்ப்பதுபோல் சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. இரண்டே நிமிடம். பிறகு தரை பிளந்துகொண்டு கிடார்களும் டிரம்மும் ஒன்றாக எழுகின்றன. அதற்கு மேல், மனிதக் குரலா பாறை உருளும் சத்தமா என்று பிரிக்க முடியாத ஓர் உறுமல்.

2003-இல் கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில் இதை முதன்முதலாகக் கேட்டேன். ஒரு காதில் எனக்கு, இன்னொரு காதில் என் நண்பனுக்கு என்று ஒரே இயர்போன். அவன்தான் அந்த சிடியை எங்கிருந்தோ பிடித்து வந்தவன். பாடகர் என்ன சொல்கிறார் என்று நான் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வார்த்தையத் தேடாதடா. கிடார் பின்னாலயே போ."

போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

பின்லாந்தின் அமார்ஃபிஸ் குழு 1994 ஜூலையில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸ்' தொகுப்பு அது. ஆயிரம் ஏரிகளின் கதைகள். பின்லாந்தில் ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் இருக்கின்றன. அவர்களும் நம்மைப்போலத்தான், எண்ணி முடியாததை ஆயிரம் என்று சொல்லிவிடுகிறார்கள். பத்துப் பாட்டு, சுமார் நாற்பது நிமிடம். என் வாழ்க்கையில் இத்தனை முறை திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்த இடம் வேறு ஒன்று உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். எந்தக் கோயிலும் இல்லை, எந்தக் கடற்கரையும் இல்லை.

டெத் மெட்டல் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் சுவீடனின் ஸ்டாக்ஹோமிலும் தழைத்த இசை அது. கிடார் நரம்புகளை வழக்கமான சுருதியிலிருந்து நன்றாகக் கீழே இறக்கிக்கொள்வார்கள். டிரம் இரண்டு கால்களாலும் உதைபடும். குரல், தொண்டையில் நாம் பேசப் பயன்படுத்தும் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் உறுமல். ஸ்டாக்ஹோமில் சன்லைட் என்றொரு ஒலிப்பதிவுக்கூடம். அங்கே தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர். பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற சின்ன டிஸ்டார்ஷன் பெட்டியின் குமிழ்களை எல்லாம் கோடிவரைக்கும் திருகிவிட்டு வாசித்தால் மரம் அறுக்கும் இயந்திரம்போல ஓர் ஒலி வரும். என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' 1990-இல் அந்தக் கூடத்திலிருந்துதான் அந்த ஒலியோடு வந்தது. பிறகு ஊர் உலகமெல்லாம் அந்த ஒலியைத் தேடி அங்கே போயிற்று.

அமார்ஃபிஸ் பையன்களும் போனார்கள். பையன்கள் என்று சொல்வது சரிதான். 1993 செப்டம்பரில் ஹெல்சிங்கியிலிருந்து கடல் தாண்டி சன்லைட்டுக்கு வந்து இந்தப் பாட்டுகளைப் பதிந்தபோது, உறுமும் தோமி கொய்வுசாரிக்கும் லீட் கிடார் வாசிக்கும் ஏசா ஹோலோபைனனுக்கும் வயது இருபது. எனக்கு அந்த வயதில் இந்தப் பாட்டைக் கேட்கத்தான் தெரிந்தது. அவர்களுக்கு இதைச் செய்யத் தெரிந்திருக்கிறது. இன்றுவரை இது எனக்கு ஆச்சரியம்.

மெலடிக் டெத் மெட்டல் என்றால் இன்று எல்லோரும் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தைத்தான் சொல்வார்கள். அட் தி கேட்ஸின் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்', டார்க் டிரான்குவிலிட்டியின் 'தி கேலரி' இரண்டும் 1995. இன் ஃப்ளேம்ஸின் 'தி ஜெஸ்டர் ரேஸ்' 1996. மூன்றும் எனக்கு உயிர். ஆனால் அவை காதில் விழும்போது வேகம், கூர்மை, பல்லைக் கடித்த கோபம். அமார்ஃபிஸ் அவற்றுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, அதுவும் வேறு ஒரு வழியில். இவர்கள் ஓடவில்லை. கனத்த காலோடு நடந்தார்கள். அந்தக் கனத்துக்குள் ஓர் இனிமையை வைத்தார்கள். எங்கிருந்து எடுத்தார்கள் அதை என்றுதான் நான் பல வருடம் தேடினேன்.

கலேவலாவிலிருந்து எடுத்தார்கள்.

எலியாஸ் லொன்ரோட் என்ற மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரேலியாப் பகுதியின் கிராமம் கிராமமாக அலைந்து, வாய்மொழிப் பாட்டுகளைக் கேட்டு எழுதி, கோத்துக் கட்டிய காவியம் கலேவலா. முதல் வடிவம் 1835-இல் வந்தது. இன்று நாம் படிப்பது 1849-இல் வந்த விரிந்த வடிவம்: 50 பாட்டு, 22,795 அடி. இந்தத் தொகுப்பில் வரும் பாட்டு வரிகள் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து கட்டப்பட்டவை. அதற்கு முந்தைய 'தி கரேலியன் இஸ்த்மஸ்' தொகுப்பில் போர், வாள் என்று பாடிக்கொண்டிருந்தவர்கள், இரண்டாவது தொகுப்பில் தங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்துக் காவியத்தைத் திறந்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தை எடுத்து இருபது வயதுப் பையன்கள் இப்படி உறுமினால் எப்படி இருக்கும் என்று நான் எத்தனையோ இரவுகள் நினைத்துப் பார்த்ததுண்டு.

கலேவலாப் பாட்டு எப்படிப் பாடப்பட்டது என்று படித்தபோதுதான் எனக்கு இந்த இசை முழுசாகத் திறந்தது. எட்டு அசை கொண்ட அடி. அடிக்குள் மோனை. ஆமாம், நம் மோனையேதான், முதல் எழுத்து ஒன்றிவருவது. அதைவிட முக்கியமான ஒன்று: ஓர் அடியில் சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லால் திருப்பிச் சொல்லும். பாடுகிறவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கையைக் கோத்துக்கொள்வார்களாம். ஒருவர் அடியைப் பாட, இன்னொருவர் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார். காவியத்தின் தொடக்கத்திலேயே பாடகன் தன் தோழனைக் கூப்பிட்டு, வா, கைகோத்துக்கொண்டு பாடுவோம் என்கிறான்.

நம் ஊரில் இதற்குப் பின்பாட்டு என்று பெயர். இந்தச் சொல் மனசில் வந்த அன்று நான் தொகுப்பை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். கொய்வுசாரி ஒரு வரியை உறுமுகிறார். ஹோலோபைனனின் கிடார் அதை வாங்கி, மெல்லிய, நாட்டுப்பாடல் சாயல் கொண்ட ஒரு மெட்டாகத் திருப்பிச் சொல்கிறது. மறுபடி உறுமல். மறுபடி கிடார். சொல்லில் இருக்கும் துயரம் தொண்டையில் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் கரகரக்கிறது. அதே துயரம் நரம்பில் ஏறியதும் தடையில்லாமல் ஓடுகிறது. உறுமலைக் கொடூரம் என்று கேட்கிறவர்கள் பின்பாட்டைக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். இரண்டு பேர் கைகோத்து உட்கார்ந்திருக்கும் இசை இது. ஒருவரை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அன்று மொட்டை மாடியில் நண்பன் சொன்னதன் பொருள் அதுதான் என்று இப்போது படுகிறது. அவனுக்கும் அப்போது கலேவலா தெரியாது.

'பிளாக் விண்டர் டே'. ஐந்தாவது பாட்டு. நான்கு நிமிடம்கூட இல்லை. இந்தத் தொகுப்பின் பேர் தெரியாதவர்களுக்குக்கூட இந்தப் பாட்டு தெரிந்திருக்கும். காஸ்பர் மோர்டென்சனின் கீபோர்டும் கிடாரும் சேர்ந்து எடுக்கும் அந்த மெட்டு, ஒரு தடவை கேட்டால் போதும், ஆயுசுக்கும் போகாது. பல் துலக்கும்போது வரும், பேருந்துக்குக் காத்திருக்கும்போது வரும். கலேவலாவின் 22-ஆவது பாட்டிலிருந்து எடுத்தது. வடநாட்டுப் பெண்ணுக்கும் கொல்லன் இல்மரினனுக்கும் கல்யாணம். பெண்ணை அனுப்பிவைக்கும் நேரம். அங்கே அது ஒரு சடங்கு: புகுந்த வீட்டில் என்னென்ன காத்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி மணப்பெண்ணை அழவைப்பார்கள். அவள் அழுகிறாள். கொடுத்துவைத்தவர்களின் மனம் வசந்தகாலத்துச் சூரியோதயம்போல் இருக்குமாம், தன் மனம் எதைப்போல் இருக்கிறது என்று அவளே கேட்டுக்கொள்கிறாள். மேகத்தின் இருண்ட விளிம்பைச் சொல்கிறாள், இலையுதிர்கால இரவைச் சொல்கிறாள், குளிர்காலத்தின் கருத்த பகலைச் சொல்கிறாள். அதுவும் போதாமல், இல்லை, அதைவிடக் கறுப்பு என்கிறாள்.

கருத்த பகல்! இரவு கறுப்பாக இருப்பதில் என்ன இருக்கிறது. பின்லாந்தின் வடகோடியில் குளிர்கால நடுவில் சூரியன் வாரக்கணக்கில் எழுவதே இல்லை. அங்கே பகலுக்கே நிறம் கறுப்பு. அந்த நிறத்தை எடுத்து மனசுக்குப் பூசியிருக்கிறாள் அந்தப் பெண்.

இதை ஒரு பெண்குரலில், கண்ணாடிபோல் தெளிவாகப் பாடவைத்திருக்கலாம். எந்த இசையமைப்பாளரும் அதைத்தான் செய்திருப்பார். இவர்கள் ஒரு இருபது வயது ஆணின் அடித்தொண்டையில் அதை வைத்தார்கள். விளைவு என்னவென்றால் அந்த மணப்பெண் தனி ஒருத்தியாக இல்லை. அவளுக்கு வயது இல்லை, முகம் இல்லை. பனிக்குக் கீழே உறைந்து கிடக்கும் தரையே வாய் திறந்து புலம்புவதுபோல் இருக்கிறது. அதன்மேல் கிடார் வருகிறது, கல்யாண வீட்டு வாசலில் எரியும் விளக்குபோல. நான் கல்யாணங்களுக்குப் போய், பெண்ணை வண்டியேற்றும் நேரத்தில் நின்றால் இந்த மெட்டு கேட்கிறது. என் தங்கை கிளம்பியபோது கேட்டது. அன்று நான் கூட்டத்தைவிட்டுத் தள்ளிப் போய்ப் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்து, மூச்சு விடக்கூட இடம் தராமல், 'டிரௌன்டு மெய்டு'. தொகுப்பிலேயே தடதடவென்று ஓடும் பாட்டுகளில் ஒன்று. மூழ்கிய பெண் ஐனோ. பாட்டுப் போட்டியில் கிழவன் வைனாமொயினன் பாடியே யொவுகாஹைனனைச் சேற்றில் புதைக்கிறான். உயிர் பிழைக்க அவன் தன் தங்கையைத் தருவதாகச் சொல்லிவிடுகிறான். ஐனோவிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கோ அப்படிப்பட்ட பெரிய பாடகன் மருமகனாக வருவதில் சந்தோஷம். ஐனோ கடற்கரைக்குப் போகிறாள். நீருக்குள் ஒரு பாறைமேல் ஏறி உட்கார்கிறாள். பாறையோடு சேர்ந்து அமிழ்ந்துபோகிறாள்.

பிறகு தாய் அழுகிறாள். கலேவலாவில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அவள் கண்ணீர் வழிந்து மூன்று ஆறுகள் ஆகிறது. ஒவ்வொரு ஆற்றிலும் மூன்று அருவி. ஒவ்வொரு அருவியிலும் மூன்று திட்டு. திட்டுக்கு ஒரு பொன் குன்று, குன்றின் மேல் மூன்று பூர்ச்ச மரம், மரத்தில் குயில்கள். குயில்கள் கூவுகின்றன, அதில் ஒரு குயில் நிற்காமல் காலத்துக்கும் கூவுகிறது. ஒரு சொட்டுக் கண்ணீரிலிருந்து ஒரு நாடே பிறந்துவிடுகிறது. ஆயிரம் ஏரிகளுக்கும் இதுதான் ஊற்று என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன், காவியம் அப்படிச் சொல்லாவிட்டாலும்.

மோர்டென்சனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். டெத் மெட்டலில் கீபோர்டு அன்றைக்கு ஏறக்குறைய தீண்டத்தகாத பொருள். ரசிகர்கள் முறைத்தார்கள், கிடார் போதாதா என்றார்கள். இவர் மூக் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, எழுபதுகளின் புராக்ரஸிவ் ராக் தொகுப்புகளில் வருவதுபோல வளைந்து நெளியும் தனி வாசிப்புகளைத் தருகிறார். அந்த மூக் ஒலி ஏரியின் மேல் எழும் ஆவி மாதிரி. இறுக்கமான கிடார் சுவருக்கு நடுவில் ஒரு ஜன்னல். கடைசிப் பாட்டான 'மேஜிக் அண்ட் மேஹெம்' நடுவில் கீபோர்டு செய்யும் ஒரு காரியம் இருக்கிறது, நடனக்கூடத்துக்கு வந்துவிட்டோமா என்று திகைக்க வைக்கும். அந்தத் துணிச்சலுக்காகவே நான் அந்தப் பாட்டை எழுந்து நின்று கேட்பேன். ஆங்காங்கே வரும் வில்லே துவோமியின் தெளிந்த குரலும் அப்படித்தான். விருந்தாளியாக வந்து பாடியவர். உறுமலுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் வரும்போது பனிக்கட்டியின் மேல் கால் வைத்ததுபோல் உள்ளங்கால் சில்லிடுகிறது. ஒல்லி-பெக்கா லைனேயின் பாஸும் யான் ரெக்பெர்கரின் டிரம்மும் இவ்வளவுக்கும் அடியில் அவசரப்படாமல் நிற்கின்றன.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இன்னும் மயிர்க்கூச்செறிய வைக்கும் விஷயம். இந்தத் தொகுப்பு வெளிவந்த அதே 1994-இல் கலேவலா தமிழில் வந்தது. இலங்கையிலிருந்து பின்லாந்துக்குப் போய்க் குடியேறிய உதயணன் என்ற ஆர். சிவலிங்கம், ஐம்பது பாட்டையும் முழுசாகத் தமிழ்ச் செய்யுளாக்கினார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்கோ பார்ப்போலா அதற்கு அறிமுகம் எழுதினார். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது வாங்கிய அதே பார்ப்போலாதான். சிந்துவெளி எழுத்து குறித்த அவருடைய பெரிய ஆங்கில நூல் வந்ததும் அதே 1994. பிறகு 1999-இல் உதயணன் கலேவலாவை உரைநடையாகவும் தந்தார்.

ஒரே ஆண்டு. ஒரு பக்கம் நீளமுடி வைத்த பையன்கள் கலேவலாவை உறுமலாக்கி உலகத்துக்கு அனுப்புகிறார்கள். இன்னொரு பக்கம் ஓர் ஈழத்துத் தமிழர் அதே காவியத்தை நம் மொழிக்குக் கொண்டுவருகிறார். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அந்த இரண்டும் ஒரு பாட்டின் இரண்டு அடிகள். ஒன்று சொன்னதை மற்றொன்று வேறு சொல்லால் திருப்பிச் சொல்லியிருக்கிறது. தமிழ்க் கலேவலா என் கைக்கு வந்தபோது அமார்ஃபிஸை நான் பத்து வருடத்துக்கு மேல் கேட்டு முடித்திருந்தேன். 22-ஆம் பாட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தேன். கருத்த பகல் தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் உறுமலாகக் கேட்டு எத்தனையோ ராத்திரி கூடவே வந்த ஒரு பெண், என் வீட்டுப் பேச்சில் வாய் திறந்தாள். வேறெந்த இசைத்தட்டும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை.

குழு அதற்குப் பிறகு நிற்கவில்லை. 1996-இல் 'எலிஜி', அதற்கு லொன்ரோட் தொகுத்த இன்னொரு நூலான கந்தெலெத்தாரின் வரிகள். 2000-களில் தோமி யொவுட்சன் பாடகராக வந்தபின் மறுபடி கலேவலாவுக்கே திரும்பினார்கள். 2010-இல் பழைய பாட்டுகள் சிலவற்றை அவர் குரலில் மறுபதிவு செய்தார்கள். 2024-இல் ஹெல்சிங்கியின் தவாஸ்தியா அரங்கில் இந்தத் தொகுப்பு முழுவதையும் மேடையில் வாசித்த பதிவும் வந்தது. யொவுட்சன் மகா கலைஞர், உறுமலும் பாட்டும் ஒரே தொண்டையில் வைத்திருப்பவர். புதிய பதிவுகளில் ஒவ்வொரு கருவியும் துடைத்து வைத்த பாத்திரம்போல் பளிச்சென்று கேட்கும். ஆனால் எனக்கு 1993-இன் சன்லைட்தான். அந்தச் சற்றே மங்கலான, ஓரங்கள் தேய்ந்த ஒலியில்தான் ஏரியின் மேல் மூடுபனி இருக்கிறது.

போன மார்கழியில் அந்த நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். எங்கள் இருவருக்கும் தலையில் நரை. குழந்தைகள் தூங்கிய பிறகு மாடிக்குப் போனோம். கம்பியில்லாத இயர்போன்தான் இப்போது, ஆளுக்கு ஒன்று. ஒரு காது தொகுப்புக்கு, மறுகாது எனக்கு என்று அவனிடம் சொல்லிவிட்டு, அலைபேசி வெளிச்சத்தில் தமிழ்க் கலேவலாவை விரித்துக்கொண்டேன். 'பிளாக் விண்டர் டே' வந்ததும் 22-ஆம் பாட்டை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மணப்பெண் தன் மனசுக்கு உவமை தேடும் இடத்துக்கு வந்தபோது அவன் என் கையைப் பிடித்தான். பாட்டு முடியும்வரை விடவில்லை.

மெட்டு தேய்ந்து நின்றது. அடுத்ததன் முதல் அடி விழுவதற்குள் கேட்டான், "அடுத்து ஐனோதானடா? படி."

அவசரமாக நாலாம் பாட்டைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினேன்.